அன்ரி தவறவிடாத பந்து

இன்று மாலை மல்கிரேவ் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பந்து மேகம்வரை போய், இறங்க மனமில்லாததுபோல் அங்கேயே மிதந்தது. நானும் அண்ணாந்து நின்றுவிட்டேன்.

கீழே ஒரு அன்ரி ஓடிவந்து அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். உதைத்தது அவர் மகன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளில் பந்தை உதைப்பதற்கென்றே தனியாக ஆள் எடுக்கிறார்களாம். அதற்குத்தான் பயிற்சி.

"சூப்பரா அடிக்கிறார் அன்ரி!"

"என்ன சூப்பர், தம்பி? இந்த நாட்டு ஃபுட்பால், ஃபுட்டியில எங்கட ஆள் கையால பிடிக்கிற மாதிரி அடிச்சுப் பழகிட்டான். அங்க எதிர் டீம் பிடிக்கேலாத மாதிரி அடிக்கோணுமாம். அம்மா பந்தைத் தவறவிடுற அண்டைக்குத்தான் அமெரிக்கா எண்டு கோச் சொல்லிப்போட்டார்."

இருட்டும்வரை பார்த்தேன். அன்ரி ஒன்றைக்கூட விடவில்லை.

நான் யார் பக்கம் நிற்பது, சொல்லுங்கள்?