ஜிட்ரூனே அக்கா வேனுக்கு ஆரஞ்சு விளக்கு மாட்டிய கதை

மரியாம்போலே நகரத்துப் பழைய கார்ச் சந்தையில் ஜிட்ரூனே அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. மாவுக்கு நடுவில் இறைச்சியை வைத்து மடித்துச் சுட்ட கிபினாய் விற்பவள். அவள் குரல் சந்தையின் கடைக்கோடி வரைக்கும் கேட்கும். கார் வாங்க வருகிற ஜார்ஜியா நாட்டுக்காரர்கள்கூட முதலில் அவளிடம் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் பேரத்துக்குப் போவார்கள். வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற என் கொட்டகை அவள் கடையை ஒட்டி இருந்தது. நார்வேக்கு வேலைக்குப் போன அவள் கணவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். அதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். சிரிக்காமல் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான்.

மாவு மூட்டை ஏற்றிவர அவள் ஒரு வேன் வாங்கினாள். அமெரிக்காவில் முகப்பு நசுங்கி, கப்பலேறி வந்து, எங்கள் சந்தையில் மறுபிறவி எடுத்த வேன். மலிவாகக் கிடைத்ததில் அவளுக்கு ஏகப்பட்ட குஷி. தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனபோதுதான் வினை வந்தது. சோதகர் ரிம்விதாஸ் வேனுக்குப் பின்னால் போய் நின்று தலையை ஆட்டினார்.

"ஏன் சார், விளக்கு எரியலையா?"

"எரியுதும்மா. சிவப்பா எரியுது. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு. இங்க இண்டிகேட்டர் ஆரஞ்சுலதான் எரியணும். பின்னால பனிமூட்ட விளக்கும் இல்ல."

"அமெரிக்காவுல அத்தனை பேரும் இந்தச் சிவப்பைப் பாத்துத்தானே ஓட்டறாங்க?"

"அவங்க அங்க ஓட்டட்டும்மா. இது மரியாம்போலே."

அந்த வேனுக்கு ஐரோப்பிய விளக்கு எங்கேயும் செய்யவில்லை. அக்கா இணையத்தில் தேடி, கறுப்புக் கண்ணாடி போட்ட புது விளக்குகளை வரவழைத்தாள். இண்டிகேட்டர் ஆரஞ்சுதான். பார்க்கவும் ஜோராக இருந்தது. நான்தான் மாட்டிக் கொடுத்தேன். மறுபடி சோதனைக்குப் போனபோது ரிம்விதாஸ் மண்டியிட்டு, கண்ணாடி முழுக்க விரலால் தடவித் தேடினார். வட்டத்துக்குள் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒப்புதல் முத்திரை அதில் இல்லை.

"கண்ணுக்கு மை போட்ட மாதிரி அழகாத்தான் இருக்கு. ஆனா வெயில்ல நீங்க பிரேக் பிடிச்சா பின்னால வர்றவனுக்குத் தெரியாது. மாத்திட்டு வாங்க."

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கு வீட்டுல யாரும் சாப்பாடு போடறதில்லையா சார்? எப்பப் பாத்தாலும் இப்படிக் கடுகடுன்னு இருக்கீங்க?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அவர் மனைவி இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகின்றன என்பது எனக்குத் தெரியும். திரும்பி வருகிற வழியில் சொன்னேன். தெரியாமல் பேசிவிட்டேனே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருநாள் கடைக்கு எதிரே ஒரு விவசாயி ஆட்டுக்குட்டிகளை ஏற்றிய ட்ரெய்லரை நிறுத்தினார். அக்கா அதன் பின்புறம் குனிந்து எதையோ பார்த்தவள், அங்கிருந்தே கத்தினாள்.

"தம்பி, இங்க வா! ஆரஞ்சு விளக்கு. முத்திரைகூட இருக்கு பாரு. இதை வேன்ல மாட்டினா யாரு வேண்டாம்பாங்க?"

"காதுல கம்மல் போட்ட பசு மாதிரி இருக்கும்க்கா."

"பசு பாஸானா போதும்டா."

யோசித்துப் பார்த்தேன், தப்பே இல்லை. கறுப்பு விளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய சிவப்பு விளக்கை மறுபடி மாட்டினோம். அதிலிருந்து இண்டிகேட்டர் இணைப்பைப் பிரித்து சிவப்பைப் பிரேக்குக்கு மட்டும் விட்டேன். பம்பரில் பக்கத்துக்கு ஒன்றாக ட்ரெய்லரின் ஆரஞ்சு விளக்கும், இடது பக்கம் ஒரு பனிமூட்ட விளக்கும் ஏறின. எவ்வளவு உயரம், ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையெல்லாம் அக்காவே ரிம்விதாஸிடம் போய்க் கேட்டு வந்தாள். இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லையாம்.

சோதனையன்று அவர் வேனை நிதானமாகச் சுற்றிவந்தார்.

"சரியா இருக்கு."

"அவ்வளவுதானா? அழகா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அழகா இல்லம்மா. சரியா இருக்கு."

இலையுதிர் காலத்தில் ஒரு காலை. கல்வாரியா சாலையில் வெள்ளைச் சுவர் போலப் பனிமூட்டம். அக்கா சந்தைக்கு வந்துகொண்டிருந்தாள். குறுக்கே ஒரு மான் பாய, பிரேக்கை மிதித்து அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் மரம் ஏற்றிவந்த லாரி கிறீச்சிட்டு, வேனை உரசாத குறையாக நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து பனிமூட்ட விளக்கைக் காட்டினார்.

"இது மட்டும் எரியலேன்னா நான் இப்ப உங்க வேனுக்குள்ள இருந்திருப்பேன்."

அக்கா வேனைத் திறந்து, விற்பனைக்குச் சுட்டு எடுத்துவந்த கிபினாயில் ஒன்றைச் சூடாக அவர் கையில் திணித்தாள்.

அன்று அவள் கடை திறக்கவில்லை. மிச்சத்தைத் தட்டோடு நேராகச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனாள்.

"இதெல்லாம் நான் வாங்கக்கூடாதும்மா. லஞ்சமாயிடும்."

"ரெண்டு தடவை ஃபெயில் பண்ண ஆளுக்கு யாராவது லஞ்சம் குடுப்பாங்களா சார்?"

ரிம்விதாஸ் சிரித்ததை அந்த நிலையத்தில் பலர் அன்றுதான் பார்த்தார்கள். ஆனாலும் வாங்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து, சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு, சொந்தச் சட்டையில் சந்தைக்கு வந்தார். காசு கொடுத்து வாங்கி, கவிழ்த்துவைத்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். பனி விழுகிற நாளிலும் வந்தபோது சந்தை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

இதற்குள் அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் எங்களிடம் வர ஆரம்பித்திருந்தார்கள். கிபினாய்க் கடையில்தான் விசாரணை, என் கொட்டகையில் வேலை. கறுப்பு விளக்கு கேட்டு வந்தால் அக்கா அவர்களை விரட்டிவிடுவாள். "கூலிங் கிளாஸ் வேணும்னா உன் மூஞ்சில மாட்டிக்க, வண்டிக்கு எதுக்கு?"

கல்யாணப் பேச்சு வந்ததும் ரிம்விதாஸ் முதலில் போனது தன் மேலதிகாரியிடம். எங்கள் கொட்டகை வண்டிகளை இனிமேல் தான் சோதிக்கப்போவதில்லை என்று அவராகவே சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று வேனைப் பூவும் ரிப்பனுமாக அலங்கரித்து வைத்திருந்தோம். மாப்பிள்ளை புறப்படும் முன் பின்பக்கம் போனார். இண்டிகேட்டரை மறைத்துத் தொங்கிய ரிப்பனைக் கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறினார்.

இப்போது எங்கள் வண்டிகளைப் பார்ப்பது ஔஸ்ரினே என்ற இளம்பெண். போன மாதம் ஒரு பல்பு மங்கலாக எரிகிறது என்று அக்காவின் வேனையே திருப்பி அனுப்பிவிட்டாள். அக்கா தன் வீட்டுக்குத் திரும்பி, புருஷனிடம் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். ரிம்விதாஸ் சூப்பைக் குடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானா இருந்தாலும் அனுப்பியிருப்பேன்" என்றாராம்.

"கேட்டியா தம்பி, என் சோத்தைத் தின்னுக்கிட்டே சொல்றாரு!" என்றாள் என்னிடம். முகமெல்லாம் சிரிப்பு. கையில் புது பல்பு வைத்திருந்தாள்.