நாய்க்கு வாங்கிய பிரஷ்

நாய் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். அப்படிப்பட்டவன் தலையில்தான் நாய்க்கு பிரஷ் தேடும் வேலை வந்து விழுந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. வியாபாரமெல்லாம் படுத்துப்போய், கண்டியில் வேலை இழந்தவர்கள் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தார்கள். நான் டவுனில் ஒரு சாமான் கடையில் விற்பனையாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். கடையில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் வெள்ளைக்காரர் யார் வந்தாலும் என் பாடு.

அம்பிட்டியவில் குடியிருந்த ஒரு துரைசானி பழுப்பு நாயொன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உடம்போடு ஒட்டிய குட்டை மயிர். நாய் கடைக்குள் ஏறக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஆகவே பிரஷ்களை அள்ளிக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன். கம்பிப் பல் வைத்ததை அவள் அதன் முதுகில் வைத்ததும் நாய் என்னைப் பார்த்து உறுமியது. இழுத்தவள் அவள், கோபம் என் மேல்! சடை நாய்க்குத்தான் கம்பி, இதற்குத் தோல் கீறிவிடும் என்றாள். தேங்காய்த் தும்பு பிரஷ் தரை தேய்க்கத்தான் லாயக்கு. கோட்டுத் துடைக்கும் மெல்லிய பிரஷோ வழுக்கிக்கொண்டு போனது, உதிர்ந்த மயிரில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அடர்த்தியாக, கட்டையாக, முரடும் மெதுவும் அல்லாத ஒன்று வேண்டுமாம். கொழும்புக்கு எழுதி ஆறு வரவழைத்தேன்.

பார்சலைப் பிரித்தபோது முதலாளி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "நல்ல சாமானா ஈக்கே தம்பி. நாய்க்கா இது?" என்று சிரித்துவிட்டு, அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் புறப்படுமுன் தம்முடைய சிவப்புத் துருக்கித் தொப்பியை அதனால் துடைத்தார். தூசி போய்த் தொப்பி பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் துரைசானி வந்து, தெருவோரத்திலேயே நாயைத் துடைத்துப் பார்த்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. குட்டை மயிர் நாய்க்குப் பன்றி மயிர் பிரஷை மிஞ்ச ஒன்றும் இல்லை, சரியானதைத்தான் எடுத்திருக்கிறாய் என்று என்னைப் பாராட்டினாள்.

கடைக்குள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே அந்த மனிதர் பன்றி மயிரால் துடைத்த தொப்பியோடு தொழுதுவிட்டு வந்திருக்கிறார். கொடுத்தவன் நான், அதுவும் இந்து. வேண்டுமென்றே செய்தான் என்று ஒருவர் சொன்னால் போதாதா? வேலை போகும். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பிரஷை எடுக்கையில் வாயைத் திறந்தேன். "மழை வரும் போல இருக்குங்க முதலாளி" என்றுதான் வந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பிரஷைச் சோப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் கடை முழுக்கத் தேடினார், பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது என்று பதறினார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். நானே தேடுவதுபோல் தேடி, என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் தொப்பியைக் கையில் எடுத்ததும் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியை மெல்லக் கீழே வைத்தார்.

"எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"ரெண்டு வாரத்துக்கு முந்திங்க."

"போன கெழம நீங்கதானே தேடி எடுத்துத் தந்தீங்க?"

அவர் கொல்லையிலிருந்து மண் கொண்டுவரச் சொன்னார். பன்றி பட்டால் கழுவ வேண்டிய மார்க்க முறைப்படி, ஒரு தடவை மண்ணோடு, ஆறு தடவை வெறும் தண்ணீரில் கையைக் கழுவினார். நான்தான் ஊற்றினேன். "தெரியாமப் பட்டது கழுவினாப் போயிடும்" என்று மட்டும் சொன்னார். வேறு தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

என்னை விலக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். புதுச் சரக்கு வரும்போதெல்லாம், "இது எதுல செஞ்சது தம்பி?" என்று அன்பாகத்தான் கேட்பார். நான் விசாரித்து வைத்த உண்மையைச் சொல்வேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு அதையே கொழும்புக்கும் ஒரு கடிதம் எழுதிக் கேட்பார்.