கை சொன்னபோது இழுத்தார்கள்

வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அவள் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது. இருவரும் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவர்கள். பேச்சு, சண்டை, கிண்டல் எல்லாம் கைகளால்தான். பதினைந்து வயதில் புதுப் பள்ளிக்கு வந்த முதல் நாள், பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியையைக் கூப்பிட, யோசிக்காமல் எழுந்துபோய் வகுப்பு விளக்கை அணைத்துப் போட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் ‘சுவிட்ச்’.

அதன்பிறகு வாயைத் திறப்பது குறைந்துபோனது. பேசுகிறவர் முகத்தை உற்றுப் பார்ப்பது அவள் பழக்கம். மற்றவர்களுக்கு அது முறைப்பதாகப் பட்டது. அவளுக்குத் தனிமை பிடிக்கும் என்றார்கள். தனியாக இருப்பவர்களைப் பற்றி ஊர் தன் வசதிக்காகச் சொல்லிக்கொள்வது அது. ஒரே ஒரு முறை யாராவது, நீதான் வேண்டும் என்று தன்னைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

கயிறு இழுக்கும் அணியில் எட்டுப் பேர் போக ஒரு மாற்று ஆள் தேவைப்பட்டது. வேறு யாரும் வராததால் அவளைச் சேர்த்தார்கள். மூன்று மாதம் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருந்தாள்.

இறுதிப் போட்டி. மூன்றில் இரண்டு இழுப்பு ஜெயிக்க வேண்டும். கயிற்றின் கடைசியில் நிற்கும் தலைவி குரல் கொடுப்பாள். எட்டுப் பேரும் ஒன்றாகச் சாய வேண்டும். எதிர்ப் பள்ளிக்காரர்கள் தகரத்தைத் தட்டிப் போட்ட கூச்சலில் அந்தக் குரல் முன்னால் இருந்தவர்களுக்கு எட்டவே இல்லை. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்து, முதல் இழுப்பில் மண்ணைக் கவ்வினார்கள்.

“எல்லாரும் செவிடாடி?” என்று கத்தினாள் தலைவி.

“நீ கத்துனது உனக்கே கேட்டிருக்காது,” என்றாள் முதலில் நின்றவள்.

செவிடு என்ற சொல் சுவிட்ச்சுக்குப் புதிதல்ல. “காது எதுக்கு? நான் முன்னாடி நிக்கிறேன். என் கையப் பாத்து இழுங்க,” என்றாள்.

“அடேயப்பா, சுவிட்ச் பேசுது!” என்றாள் அணியில் ஒருத்தி.

அணிக்கு ஒரு வழிகாட்டி கயிற்றருகே நிற்கலாம். அது விளையாட்டு ஆசிரியையின் இடம். கத்திக் கத்தி அவர் தொண்டையும் கட்டியிருந்தது. “போ. சொதப்புன, தோல உரிச்சிடுவேன்,” என்றார்.

உள்ளங்கை விரிந்தால் பிடி. விரல்கள் மடங்கினால் இழு. சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதுமாயிருந்தது. அவள் எதிரணியின் முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எட்டு முகங்களும் ஒருசேரத் தளர்ந்து மூச்சு வாங்கிய கணத்தில் விரல்களை மடக்கினாள். அவள் அணி ஒரே உடம்பாகச் சாய்ந்தது. கயிறு வந்தது.

மூன்றாவது இழுப்புக்கு ஆசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார். “இப்ப நான் நிக்கிறேன்.” அவள் தண்ணீர் பாட்டில்கள் பக்கம் நடந்தாள்.

“டீச்சர், நீங்க உக்காருங்க,” என்றாள் தலைவி. பிறகு திரும்பி, மைதானத்துக்கே கேட்கும்படி: “ஏய்! எங்கடி போற? நீ இல்லாம இந்தக் கயித்த எவளும் தொடமாட்டா. வா இங்க!”

வந்தாள். உள்ளங்கை வெகுநேரம் விரிந்தே இருந்தது. தகரச் சத்தம் காதைப் பிளந்தது. எட்டுப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தார்கள். எதிரணியின் கடைசி ஆள் காலை மாற்றி வைக்க நினைத்தது முதலில் அந்த ஆளின் கண்ணில்தான் தெரிந்தது. விரல்கள் மடங்கின; மடங்கின; மறுபடியும் மடங்கின.

நடுவர் கொடி விழுந்ததும் எட்டுப் பேரும் புழுதியோடு அவள்மேல் வந்து விழுந்து, கையும் காலும் அசையாதபடி கட்டிக்கொண்டார்கள்.

“கைய விடுங்கடி,” என்று கத்தினாள் அவள். “எனக்கு நெறயப் பேசணும்!”