சந்து வாயில் கருப்பு நாய்

எங்கள் சந்துக்கு ஒரே வாய். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் போகிற பக்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு வீடு. ஆட்டோ நுழையாது. கடைசியில் கல்யாண மண்டபத்தின் பின்சுவர். இரண்டு ஆள் உயரம். அந்தச் சுவரில் ஓர் இரும்புக் கதவு உண்டு. அது ரொம்ப நாள் திறக்காமல் கிடந்தது. அடைத்தவன் நான்தான். எனக்கு வெல்டிங் வேலை.

முன்பு அந்தக் கதவு வழியாக எச்சில் இலையைக் கொண்டுவந்து சந்தில் கொட்டுவார்கள். அதைத் தின்ன ஊர்ப்பட்ட நாய் வரும். சந்துக்காரர்கள் சண்டை போட்டார்கள். மண்டபத்து மேனேஜர் என்னையே கூப்பிட்டு அடைக்கச் சொன்னார். நாலு மூலையிலும் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்தேன். அதற்கப்புறம் நாய் வரவில்லை. எல்லோரும் நல்ல வேலை என்றார்கள்.

வீட்டில் நானும் மனைவியும் ஒரு நாயும். நாயைக் கொண்டுவந்தது மகள். செவலை. சாதாரண நாட்டு நாய். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மழையில் கிடந்ததைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். கல்யாணம் முடிந்து அவள் ஓசூர் போனாள். நாய் எங்களோடு நின்றுவிட்டது. சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். முதலில் நாயைக் காட்டச் சொல்வாள். அப்புறம் அம்மா. கடைசியில் நான்.

குட்டியாக இருந்தபோது எதிர்வீட்டுக் கோலத்தில் ஒருநாள் மூத்திரம் போய்விட்டது. எதிர்வீட்டு அக்கா ஒரு வாரம் திட்டினார். மகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூக்கில் தட்டித் தட்டிப் பழக்கினாள். அன்றிலிருந்து சந்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, காலி மனைக்குப் போனால்தான் அது காலைத் தூக்கும். வீட்டில் போகாது. சந்தில் போகாது. அப்போது அது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

போன வருஷம் அதற்குக் கல்லடைப்பு. கால்நடை ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசுதான். கல்லை ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார். புளியங்கொட்டை அளவு இருந்தது.

"அய்யா, இத ஒண்ணுக்கு அடக்க மட்டும் விட்டுடாதீங்க. நல்லா தண்ணி குடிக்கட்டும். ஒரு நாளைக்கு மூணு தடவை வெளிய கூட்டிட்டுப் போங்க. திரும்ப அடைச்சுக்கிச்சுன்னா தாங்காதுங்க."

"சரிங்கம்மா" என்றேன். அந்த ஒரு வேலையைத்தான் சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம் தவறாமல் செய்தேன்.

மகளுக்கு ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் மனைவி தென்னூரில் ஒரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"கருப்பு நாய்க்குத் தயிர்சாதம் வைக்கணுமாங்க. விடிஞ்சதும். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள்."

"வை."

"ஒரே நாய்க்குத்தான் வைக்கணுமாம். நடுவுல ஒரு நாள் விட்டாலும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணுமாம்."

"வை."

வாசலில் படுத்திருந்த எங்கள் நாயைப் பார்த்தாள். "இது கருப்பா இருந்திருந்தா வீட்டோட முடிஞ்சிருக்கும்."

"பட்டறையில கருப்பு பெயிண்ட் இருக்கு. அடிச்சுடவா?"

"பைரவர் விஷயம். விளையாடாதீங்க."

அவள் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

டீக்கடைப் பக்கம் திரிந்த ஒரு கருப்பு நாயைப் பிடித்தாள். பெரிய கடுவன். ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். மனைவிக்கு முழங்கால் வலி, தூரம் நடக்க முடியாது. பிஸ்கட்டைப் போட்டுப் போட்டுச் சந்து வாய் வரை கூட்டி வந்தாள். கரண்ட் கம்பத்தடியில் இலை போட்டுச் சோறு வைத்தாள். மூன்றாம் நாள் இவள் போகுமுன் அது வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வாரத்தில் அங்கேயே தங்கிவிட்டது. கூட நாலு நாய் சேர்ந்தது.

அதிலிருந்துதான் ஆரம்பம்.

நான் நாயைக் கூட்டிக்கொண்டு போனால் ஐந்தும் எழுந்து நிற்கும். குரைக்காது. குரைக்கிற நாயைச் சமாளிக்கலாம். இவை சந்து வாயை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கும். நான் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்வேன். நாயைச் சுவரோரம் விட்டு நான் வெளிப்பக்கம் நடப்பேன். குனிந்து கல் எடுப்பதுபோல் பாசாங்கு செய்வேன். நாலு நாய் பின்வாங்கும். கருப்பு நாய் வாங்காது. அதற்கு இது சோறு போடுகிற இடம். நான் சோறு போடுகிற வீட்டு ஆள் என்று அதற்குத் தெரியாதா, தெரிந்துதான் நிற்கிறதா, எனக்குப் புரியவில்லை.

பட்டறையில் கம்பிக்குப் பஞ்சமில்லை. ஒரு முழக் கம்பி ஒன்றை எடுத்து வந்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"அது மேல கை வைக்காதீங்க. உங்கள கும்புட்டுக் கேக்கறேன்."

கம்பியை வாசல் மூலையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவள் சோறு வைக்கும் நேரம் பார்த்து நழுவிவிடலாம் என்று நினைத்தேன். கருப்பு நாய் தின்னும். மற்ற நாலும் பசியோடு நிற்கும். அந்த நாலும் எங்கள் மேல் பாய்ந்தன. அவள் மறுநாள் நாலுக்கும் சேர்த்து வடித்தாள். அதற்கடுத்த வாரம் நாலு, ஏழு ஆயிற்று.

மொட்டைமாடியில் கொள்ளிடத்து மணல் ஒரு சட்டி போட்டு அதில் விட்டுப் பார்த்தேன். நாய் மணலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. எதிர்வீட்டு அண்ணன் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு என்னன்னு புரியும்? நீ மொதல்ல போய்க் காட்டு."

"நீங்க எறங்கிப் போங்கண்ணே, காட்டறேன்."

சிரித்துக்கொண்டே போனார். நாய் போகவில்லை.

அப்புறம் மொபெட். நாயை முன்னால் நிற்கவைத்து வேகமாக வெளியே போய்விடலாம் என்று கிளம்பினேன். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் சக்கரத்தைத் துரத்தி வந்தன. சங்கிலி ஹேண்டில்பாரில் சுற்றிக்கொண்டது. விழுந்தோம். எங்கள் நாயின் காதை ஒன்று கிழித்தது. நான் அதன் மேல் கவிழ்ந்து படுத்தேன். கருப்பு நாய் என் கெண்டைக்காலைப் பிடித்தது. பால்காரர் வண்டியை நிறுத்திச் சத்தம் போட்ட பிறகுதான் விட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அடுத்தடுத்த ஊசிக்குத் தேதி எழுதிச் சீட்டு கொடுத்தார்கள். நாய்க்கும் ஊசி போட்டேன். மனைவி என் காலைக் கழுவிவிட்டாள். அழுதாள். மறுநாள் விடிந்ததும் இலையை எடுத்துக்கொண்டு போனாள். இருபத்தாறாம் நாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பாள். அப்புறம் எதற்கெடுத்தாலும் அந்த நிறுத்தினதுதான் காரணமாகும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

எதிர்வீட்டு அண்ணன் அன்றைக்கே வந்தார்.

"நாளைக்குக் கார்ப்பரேஷனுக்குப் போன் போடறேன். புடிச்சுட்டுப் போய் ஆபரேஷன் பண்ணி, நாலு நாள் கழிச்சு இங்கயேதான் கொண்டாந்து விடுவான். இருந்தாலும் நாலு நாள் நிம்மதி."

கதவுக்குப் பின்னால் மனைவி நிற்பது எனக்குத் தெரியும். நாலு நாள் அது இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"வேணாண்ணே. கொஞ்ச நாள் போகட்டும்."

"கடிபட்டவன் நீ. நீயே வேணாங்கற?"

"ஆமாண்ணே."

"ஊருக்கெல்லாம் இரும்பு கேட்டு போடற ஆளு. உன் நாய்க்கு வெளிய போக வழி இல்ல, பாத்தியா?"

சாயங்காலம் மகள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அப்பா, அதுக்குக் காதுல என்ன?"

"கதவுல மாட்டிக்கிச்சும்மா."

"பாத்துக்கங்கப்பா."

"பாத்துக்கறேன்."

நாற்பத்தெட்டு நாள் விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வெளியே போக முடிந்தது. மத்தியானம் வெயிலில் அவை தெருவில் நிற்கிற காருக்கடியில் படுத்திருக்கும்போது. பட்டறையிலிருந்து ஓடி வந்து கூட்டிப் போவேன். ஓனர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "நாய்க்கு லீவா, உனக்கு லீவா?" என்றார். எங்கள் நாயும் பயந்துபோயிருந்தது. சங்கிலியை எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்விடும்.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். தண்ணீர் குடித்தால்தானே அடக்க வேண்டும் என்று கிண்ணத்தை எடுத்து மேலே வைத்தேன். டாக்டரம்மா சொன்னதற்கு நேர் எதிர். நாய் கிண்ணம் இருந்த இடத்தை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்தேன். அப்புறம் கிண்ணத்தை இறக்கி வைத்தேன்.

நாற்பதாம் நாள் மழை. மத்தியானம்கூட அவை சந்தை விட்டுப் போகவில்லை, முதல் வீட்டுச் சன்ஷேடுக்கடியில் ஒதுங்கி நின்றன. எங்கள் நாய் அன்று போகவே இல்லை. சாயங்காலம் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. வயிற்றில் கை வைத்தேன். கல்போல் இருந்தது. போன வருஷம் இப்படித்தான் ஆரம்பித்தது.

நான் மண்டபத்துக்குப் போனேன். மேனேஜரிடம் பின்கதவைக் கொஞ்ச நாளைக்குத் திறந்துகொள்கிறேன் என்றேன். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் வேறு தெரு. அந்தத் தெருவுக்கு இந்த நாய்கள் வராது.

"வெல்டரே, உங்களுக்குப் புத்தி இருக்கா? நாளைக்கு முகூர்த்தம். சமையல்கட்டு வழியா நாயக் கூட்டிட்டுப் போவீங்களா? பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என் தோல உரிச்சுடுவாங்க."

"சரிங்க" என்று வந்துவிட்டேன். வருகிற வழியில் பட்டறைக்குப் போய்க் கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டேன்.

விடிந்தும் விடியாததுமாக வீட்டிலிருந்து ஒயர் இழுத்தேன். மனைவி அடுப்படியில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். ஒயர் போகிற திசையைப் பார்த்தாள். மறுபடி பிசையத் தொடங்கினாள்.

முதல் பட்டை சீக்கிரம் வந்துவிட்டது. மற்றது வரவில்லை. இறுக்கிப் போட்டிருந்தேன். கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலை, ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். தீப்பொறி சட்டையில் விழுந்தது. ஏழு வீட்டிலும் விளக்கு போட்டார்கள். எதிர்வீட்டு அண்ணன் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வந்தார்.

"போட்டவனே அறுக்கறியா?"

"கொஞ்சம் புடிங்கண்ணே. மேல விழுந்துடும்."

நுரையைத் துப்பிவிட்டு வந்து பிடித்தார். கீல் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு திறந்தது.

நாயைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் சமையல் மாஸ்டர் ஒருவர் அண்டா பக்கத்தில் கரண்டியோடு நின்றார்.

"யாருய்யா அது? சுவத்த ஒடச்சுக்கிட்டு வரது?"

"நாய்க்கு ஒண்ணுக்குப் போகணும்."

"அதுக்கா இம்புட்டு சத்தம்? வடை மாவு கிட்ட வந்துடாதீங்க, சொல்லிட்டேன்."

இறக்கிவிட்டேன். வாசலில் கட்டுவதற்காக வாழைமரம் இரண்டு சுவரோரம் சாத்தியிருந்தது. நாய் நேராக அங்கேதான் போனது. இழுத்தேன். வரவில்லை. மாஸ்டரைப் பார்த்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கல."

காலைத் தூக்கியது. ஒன்றும் வரவில்லை. மறுபடி தூக்கியது. சொட்டு வந்தது. நின்றுவிட்டது. நான் குந்தி உட்கார்ந்தேன். அது என் தோளில் சாய்ந்துகொண்டு நடுங்கியது. அப்புறம் போனது. கொஞ்சம் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் நிற்காமல் போனது. அது முடிக்கிற வரைக்கும் நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மாஸ்டர் ஒரு வாளித் தண்ணீரை என் பக்கம் தள்ளினார். வாழைமரத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது மனைவி சந்து வாயில் கம்பத்தடியில் நின்றாள். கருப்பு நாய் தின்றுகொண்டிருந்தது. அங்கிருந்தே கேட்டாள்.

"போச்சா?"

"போச்சு."

அன்று மத்தியானம் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். தொட்டுப் பார்த்தார். மருந்து எழுதினார். அடைக்கவில்லை என்றார். ஏன் அடக்க விட்டீங்க என்று கேட்டார். மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மேனேஜர் போன் செய்து கத்தினார். கேட்டுக்கொண்டேன். நாற்பத்தெட்டு முடிந்ததும் அடைத்துவிடுகிறேன் என்றேன். என்ன நாற்பத்தெட்டு என்றார். ஒரு வாரம் என்றேன்.

அந்த ஒரு வாரமும் மண்டபம் வழியாகத்தான் போய் வந்தோம். நாற்பத்தெட்டாம் நாள் மனைவி கருப்பு நாய்க்குப் பாயசமும் வைத்தாள். அது பாயசத்தை விட்டுவிட்டுச் சோற்றை மட்டும் தின்றது. சாயங்காலம் பட்டறையிலிருந்து நான் வெல்டிங் மெஷினை வாங்கி வந்து வைத்தேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் விடிகாலை. மனைவி கம்பத்துக்குப் போகவில்லை. நான் வாசல் கதவைத் திறந்தேன். கருப்பு நாய் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. இதுவரை சந்து வாயில் இருந்தது. இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. உள்ளே எங்கள் நாய் உறுமியது. மற்ற நாய்கள் சந்து நீளத்துக்கு நின்றன.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அதுக்கு எப்படிங்க தெரியும், முடிஞ்சுபோச்சுன்னு?"

நான் கதவைச் சாத்தினேன். அவள் அடுப்படிக்குப் போனாள். தயிர்ப் பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது.

"இன்னிக்கு மட்டும்" என்றாள்.

அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. மகளிடமிருந்து சேதி ஒன்றும் இல்லை. நாங்களும் கேட்பதில்லை. மேனேஜர் அவ்வப்போது போன் செய்கிறார். வரேங்க என்று சொல்கிறேன். வெல்டிங் மெஷினை ஓனர் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். காலையில் கருப்பு நாய்க்கு அவள் இலை போடுகிற நேரத்தில், நான் எங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போகிறேன். கதவு இன்னும் பக்கவாட்டில் நுழைகிற அளவுதான் திறக்கிறது.