இரண்டாவது ஊசி யாருக்கு?

பூனைக்கு ஊசி போடுகிறவனுக்குக் கீறல் பூனையால் வரும். தலையிடி பூனையைக் கொண்டுவருகிறவர்களால் வரும். வீட்டில் பிள்ளைக்கு மருந்து பருக்கப் பாடுபட்டவர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

மீன் பெட்டி

காத்தான்குடியில் தையல் வேலை செய்கிற பரீதா ராத்தா, நாவற்குடாவிலுள்ள என் கிளினிக்குக்கு இரண்டு குட்டிகளை மீன் ஏற்றுகிற, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் கொண்டுவந்தார். பெயர் கறுப்பன், வெள்ளையன். கத்தாரிலிருக்கும் கணவர் வீடியோ கோலில் முதலில் விசாரிப்பது இவர்களைத்தானாம்.

வெள்ளையனுக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. சுகமானதும் தடுப்பூசியைத் தொடங்கலாம் என்று அவனை விட்டேன். கறுப்பனுக்கு முதல் ஊசி போட்டு, மூன்று வாரத்தில் இரண்டாவதுக்கு வரச் சொன்னேன். பெட்டி நாறியது, வேறு பெட்டி கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"ஓட்டோவில கத்துவாங்க டொக்டர். மீன் வாசத்துக்காவது பேசாம வருவாங்களே!"

நியாயம்

சொன்ன நாளுக்கே வந்தார். பெட்டிக்குள் வெள்ளையன் மட்டும்! அவனுக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டு, கறுப்பன் எங்கே என்றேன். அவனுக்குத்தான் போட்டாயிற்றே என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு ஊசி போதாது ராத்தா, இரண்டாவதும் போட்டால்தான் காவல், உங்கள் பக்கம் பூனைக் காய்ச்சல் வேறு பரவுகிறது, நாளைக்கே கொண்டுவாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"ரெண்டு ஊசியையும் ஒருத்தனுக்கே குடுத்தா மற்றவன் என்ன நினைப்பான், டொக்டர்? எங்கட வீட்டில எல்லாருக்கும் ஒரே அளவுதான்."

பங்கு

கறுப்பன் வாந்தியெடுத்துப் படுத்த பிறகுதான் வந்தான். சேலைன் ஏற்றினேன். மறுநாள் செத்துப்போனான். ராத்தாவை நாலு வார்த்தை ஏச வேண்டும் என்றிருந்தேன். முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

வெள்ளையனின் இரண்டாவது ஊசிக்கு அவனைத் துவாயில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கணவருக்கு இன்னும் சொல்லவில்லையாம். கேட்கும்போதெல்லாம், கறுப்பன் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறான் என்கிறாராம். நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"கறுப்பன்ட பங்கு ஒண்டு மிச்சம் இருக்கே, டொக்டர். அதையும் இவனுக்கே போட்டு விடுங்க."

இப்போதெல்லாம் எந்தக் குட்டி வந்தாலும், வயதைக் கேட்பதற்கு முன்னால், வீட்டில் பங்குக்கு வேறு குட்டி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.