நான் நீக்கச் சொன்ன இழைகள்

சிறு பிளாஸ்டிக் குழாயின் அடியில், உளுந்தளவுகூட இல்லாத ஒரு வெள்ளைக் கறை. அடையாற்று ஆய்வகத்தில், அதை நடத்திவந்த டாக்டரம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆய்வகத்தார் எல்லோரும் நிற்கும் புகைப்படம் இதற்குள் இருக்கிறது என்றார். படத்தை எண்களாக்கி, எண்களை டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளாக்கி, ஆயிரக்கணக்கான குட்டி இழைகளாகச் செய்து வாங்கியிருந்தார். எழுபது வயதில் எனக்கு உடல் சிலிர்த்தது.

நான் தொலைத்தொடர்பு கற்பித்து ஓய்வு பெற்றவன், அங்கே ஆலோசகர். கம்பியில் போகும் செய்தியில் ஓர் எழுத்து இன்னொன்றாக மாறும். அதைத் திருத்தும் கணக்குதான் என் வாழ்நாள் வேலை. டிஎன்ஏவிலோ இழையே தொலைந்துபோகும். அதற்காக அவர் கூடுதல் இழைகளும் செய்திருந்தார். நாலு எண்ணோடு கூட்டுத்தொகையையும் குறித்துவைத்தால், ஒன்று அழிந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா, அதுபோல. இடத்துக்குக் கேடு என்று அவற்றை நீக்கச் சொன்னேன்.

“சார், சிலது திரும்பி வரவே வராது.”

“நான் பார்க்காத பிழையாம்மா?” என்று அவர் வாயை அடைத்தேன்.

ஆய்வகத்துக்குப் பணம் தரும் நிதிக்குழுவின் முன்னால், இழைகளிலிருந்து படித்தெடுத்த படம் திரையில் விரிந்தது, நடுநடுவே கறுப்புக் கட்டங்களோடு. “இன்னா சார், என் தலையக் காணோம்?” என்றார் ஆய்வக உதவியாளர். யாரும் சிரிக்கவில்லை. கூடுதல் இழைகளை நீக்கியது யார் முடிவு என்று குழுத்தலைவர் கேட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“என்னோடதுதான் சார்” என்றார் அவர்.

நீக்கியவற்றை அவர் தனிக் குழாயில் பத்திரமாக வைத்திருந்தது அதன் பிறகே எனக்குத் தெரிந்தது. இரண்டையும் கலந்து கருவியில் மறுபடி படிக்கவைத்தார். கட்டம் கட்டமாகப் படம் நிரம்பியது. தொலைந்த இழைகள் தொலைந்தவைதான். அவற்றில் இருந்ததோ மிச்சத்தின் கணக்கிலிருந்து எழுந்து வந்தது. கரும்பலகையில் எத்தனையோ முறை நான் நிரூபித்த தேற்றம். ஆனால் ஒரு மனிதனின் நெற்றியும் மீசையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வருவதை அன்றுதான் கண்டேன். “ஐய, தோ கீறேன்!” என்று உதவியாளர் கத்தினார். எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

“நடந்ததைக் குழுவுக்கு நீங்க ரெண்டு வரி எழுதினா போதும் சார். மறுபடி கூப்பிடுவாங்க” என்றார் டாக்டரம்மா.

“பார்க்கலாம்மா” என்றேன். மந்தைவெளி வீட்டில் உட்கார்ந்து மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் கிழித்தேன். பெயர் கெட்டுவிடும் என்ற பயம், வேறு காரணமில்லை. நிதி நின்றது. ஆய்வகம் மூடப்பட்டது. அவர் இப்போது பெருங்குடியில் பரிசோதனைக் கருவிகள் விற்கும் நிறுவனமொன்றில் இருக்கிறார். அதே முறையில் இன்று எங்கெங்கோ நூல்களையும் படங்களையும் சேமிக்கிறார்கள். அந்தச் செய்தி வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

போன வாரம் அவரைத் தொலைபேசியில் அழைத்து, உண்மையை எழுதப்போகிறேன் என்றேன்.

“இப்ப யாருக்கு சார்?”

குழு கலைந்து வருடங்களாகின்றன. ஆனாலும் எழுதுகிறேன்: அது அவர் முடிவல்ல, என்னுடையது.