நாற்பத்தேழு சுற்று

துபாயில், அல் கூஸில் எங்கள் பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியே வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழும். மதியம் என் மேசைமேல் படுத்துக் கிடக்கும், பிற்பகல் அசர் பாங்கு கேட்கும்போது எதிர்ச்சுவரில் ஏறத் தொடங்கும், பிறகு போய்விடும். அந்தப் பட்டறையிலிருந்து யாரையும் கேட்காமல் வெளியே போக முடிந்தது அது ஒன்றால்தான்.

எண்பதுகளின் நடுவில் மூன்று வருடம் நான் அங்கே மோட்டாருக்கும் காந்தத்துக்கும் உள்ளே போகும் கம்பிச் சுருள், எங்கள் பேச்சில் காயில், கட்டினேன். மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கட்ட ஊரெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். எங்களிடம் வந்தவை கிழடுகள். துறைமுகத்தில் கழித்துப்போட்ட கிரேனின் பிரேக், இங்கிலாந்தில் எங்கோ கழற்றி இங்கே கொண்டுவந்து மாட்டிய டைனமோ, இரும்புக் கழிவு யார்டில் ஒரு காரையே தூக்கி ஆட்டும் மின்காந்தம். இவற்றைச் செய்த கம்பெனிகள் மூடிப்போய் வெகுகாலம். பெயர்த்தகட்டில் எழுத்து தேய்ந்து வழவழவென்றிருக்கும். வரைபடம் என்று எதுவும் வராது. கருகிப்போன காயில் ஒன்றுதான் வரைபடம்.

அதை வெட்டிப் பிரிக்க வேண்டும், சுற்றுச் சுற்றாக எண்ண வேண்டும். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கம்பிக்குப் பருத்தி நூலில் சட்டை போட்டு வைத்திருந்தான். அது கரியாகி விரலில் ஒட்டும், நகத்தடியில் போய்த் தங்கும், சோற்றிலும் அந்த வாசனை வரும். பிறகு மைக்ரோமீட்டரில் கம்பியின் தடிமன். பிறகு மரத்தில் ஓர் அச்சு. அச்சை மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் கம்பி வந்து உட்காரும், ஓர் அடுக்கு, ஒரு காகிதம், ஓர் அடுக்கு, ஒரு காகிதம். நாடா கட்டி, வார்னிஷில் முக்கி, அடுப்பில் வைத்து எடுத்தால் காயில். சுற்று குறைந்தால் மின்சாரம் கூடப் பாய்ந்து சூடேறும், கருகும். கம்பி மெலிந்தால் காந்தம் சோம்பேறியாகிவிடும். ஆக, இரண்டே எண்கள். எத்தனை சுற்று, என்ன கம்பி. அந்த இரண்டும் தெரிந்தவன் வைண்டர், தெரியாதவன் ஹெல்பர்.

கிரேன் பிரேக்கின் காயில் இரண்டைப் பிரித்து நீட்டினால் கம்பி பட்டறையிலிருந்து ஏறக்குறைய ஜுமைரா கடல்வரை போகும். நான் அதை உட்கார்ந்த இடத்திலேயே, இரண்டு கைக்குள் அடங்கும்படி சுருட்டி வைப்பேன். கடலுக்கு நான் போனது மூன்று வருடத்தில் நாலு தடவை.

கோயம்புத்தூரில் தொழில் கற்றபோதே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வைண்டரிடமும் தனக்கென்று ஒரு நோட்டு இருக்கும். கட்டிய காயில்களின் கணக்கெல்லாம் அதில். முதலாளிக்குக் காட்ட மாட்டார்கள், பக்கத்து மேசைக்காரனுக்கும் காட்ட மாட்டார்கள். துபாய்க்கு வந்த முதல் வருடம் எனக்கு ஒரே பயம், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. பட்டறை ரெஜிஸ்டரில் சுற்று, கம்பி என்று இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். அவற்றை மட்டும் நிரப்பாமல் விட்டேன். எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதினேன், அதிலும் நேராக எழுதவில்லை. ஒவ்வொரு சுற்றுக் கணக்கோடும் நாற்பத்தேழு கூட்டி எழுதினேன். எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸின் எண் அது. நோட்டைத் திருடுகிறவன் அப்படியே கட்டினால் அவன் கணக்கு தப்பும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குள்தான் மாட்டினேன்.

மேனேஜர் கராச்சிக்காரர். உதிரிபாக வியாபாரத்திலிருந்து வந்தவர், காயில் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பழைய காயில் என் ஒருவன் கையில்தான் உயிர் பிழைக்கிறது என்பது தெரியும். எனக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி, எனக்கு மட்டும் ஒரு டேபிள் ஃபேன். நாங்கள் தங்கியிருந்த கேம்பில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டார். பாஸ்போர்ட் மட்டும் அவர் அறையின் இரும்பு அலமாரியில், மற்றவர்களுடையதோடு ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. இரண்டு வருடம் முடிந்து லீவு கேட்டபோது சிரித்தார்.

“சுட்டி மாஃபி, பாய். லீவெல்லாம் கிடையாது. நீ போய்ட்டா இந்தக் கிழவங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பான்?”

ஊரில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. முதல் தேதி தள்ளிப்போனது. இரண்டாவதும் தள்ளிப்போனது. கேம்பில் எனக்குப் பெயரே மாப்பிள்ளை என்றாகிவிட்டது. பக்கத்துக் கட்டில் சிவகங்கைக்காரர் குளிக்க வரிசையில் நிற்கும்போது கேட்பார்: “என்ன மாப்ள, இந்த வருசமாச்சும் பந்தி போடுவீகளா, இல்ல அந்தப் பொண்ணோட பேரன் காதுகுத்துக்கு வந்து சேந்து சாப்பிட்டுக்கிறவா?” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மூன்றாம் வருடம் ஆனியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. ஆவணி தாண்டினால் வேறிடம் பார்க்கப்போவதாகப் பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள், அவர்கள்மேலும் தப்பில்லை என்று எழுதியிருந்தார்.

கடிதத்தோடு மேனேஜரிடம் போனேன். அவர் அதை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தை மரியாதையாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “உன் வேலையைச் செய்ய ஒருத்தனைக் காட்டு. அன்றைக்கே பாஸ்போர்ட்.” நல்ல மனிதர்தான். அதனால்தான் திட்டக்கூட முடியவில்லை.

அப்படி ஒருத்தன் இருந்தான். ஒரு வருடமாக என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது சிறியவன். கொழும்பில் அவன் காயில் கட்டிய பட்டறையைக் கலவரத்தில் எரித்துவிட்டார்கள், உடுத்திருந்த உடுப்போடு தப்பியவன். இங்கே ஹெல்பர் விசாவில் வந்து மோட்டார் கழற்றிக்கொண்டிருந்தான். நான் அவனை மேசைப் பக்கம் அண்டவிட்டதில்லை. சுற்றும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன், மெஷினில் சுற்றைக் காட்டும் கவுண்டர் அவன் கண்ணில் படாதபடி.

ஒரு வெள்ளிக்கிழமை கேம்பில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்.

“தம்பி, காயில் கட்டறயா?”

“ஒரு வருசமா உங்கட முதுகைத்தானே பாத்துக்கொண்டு இருக்கிறன், அண்ணை. தோள் எத்தினை தரம் அசையுது எண்டு எண்ணினால் சுத்துத் தெரியும்.”

“சரியா வந்துச்சா?”

“மூண்டு நாலு கூடக்குறைய.” சட்டையை உதறிக் கொடியில் போட்டான். “உங்களுக்கு இஞ்சயிருந்து போக விடுகினமில்லை எண்டு கவலை. எனக்கு இஞ்சயிருந்து போகச் சொல்லிப்போடுவினமோ எண்டு பயம். ஹெல்பரை எண்டால் எந்த நேரமும் அனுப்பலாம். வைண்டர் எண்டால் ஒருக்கா யோசிப்பினம். எனக்குத் திரும்பிப் போக இடமில்லை, அண்ணை.”

அவன் கேட்டது என் நாற்காலியை. எனக்கு அது கூண்டு. கொடுப்பதில் என்ன வந்தது என்று தோன்றியது. நோட்டைத் தருவதாகச் சொன்னேன்.

அந்த வாரம் மேனேஜர் அவனை அல் ஐனுக்கு ஒரு பம்ப் வேலைக்கு அனுப்பினார். அதே வாரம்தான் யார்டுக்காரர்களின் பெரிய காந்தம் வந்து இறங்கியது. அதைவிடப் பெரிய வேலை எங்களுக்கு வந்ததில்லை. கைப்பிடியைச் சுற்ற இரண்டு பட்டாணியர்கள் உதவிக்கு வந்தார்கள், எண்ணியது நான் மட்டும். அறுநூற்று நாற்பது சுற்று. முடித்துவிட்டு நோட்டை எடுத்தேன். அறுநூற்று எண்பத்தேழு என்று எழுத வேண்டும். அறுநூற்று நாற்பது என்றே எழுதினேன்.

அந்த நோட்டில் நான் எழுதிய ஒரே உண்மையான சுற்றுக் கணக்கு அதுதான். அதைக்கொண்டுதான் ஏமாற்றினேன். நாற்பத்தேழைக் கழி என்று சொல்லித்தானே கொடுக்கப்போகிறேன். கழித்தால் ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று வரும், அப்படிக் கட்டினால் கருகும், கருகினால் என்னைத்தான் தேட வேண்டும். இதையெல்லாம் அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேனா என்றால், இல்லை. எழுதிய கையை வார்னிஷ் துணியில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். டீ நன்றாக இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

அவன் திரும்பி வந்ததும் நோட்டைக் கொடுத்தேன். “எல்லாத்துலயும் நாப்பத்தேழு கழிச்சுக்கோ” என்றேன். பக்கம் பக்கமாகப் புரட்டினான். பிரேக் காயில் ஒன்றை மேனேஜர் முன்னாலேயே கட்டினான். என்னைவிட மெதுவாக, என்னைவிட நெருக்கமாக. கிரேனில் மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் பிரேக் ‘டக்’கென்று திறந்தது. மேனேஜர் “அச்சா, அச்சா” என்று அவன் தோளில் தட்டினார். அன்று மதியமே டேபிள் ஃபேன் அவன் பக்கம் திரும்பியிருந்தது. யார் திருப்பினார்கள் என்று தெரியாது.

சொன்ன சொல் தவறாமல் மேனேஜர் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். ரப்பர் பேண்டு அழுத்திய கோடு அட்டையில் பதிந்திருந்தது. அதன்மேல் டிக்கெட். பிரித்துப் பார்த்தேன். துபாயிலிருந்து பம்பாய். அவ்வளவுதான், திரும்புகிற தாள் இல்லை.

“ரிட்டர்ன், பாய்?”

“அதான் ஆள் காட்டிட்டியே” என்றார் வருத்தமாக. “ரெண்டு வைண்டருக்கு இங்க வேலை எங்கே? கலாஸ், முடிஞ்சுது. போய்க் கல்யாணம் பண்ணு.”

மூன்று வருடமாகக் கனவில் தொட்ட பாஸ்போர்ட் கையில் இருந்தது. பட்டறைக்கு வந்தேன். அவன் நாடா கட்டிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனாகவே சொன்னான்.

“மேனேஜர் என்னட்டைக் கேட்டவர், அண்ணை. தனிய ஏலுமோ எண்டு. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.” நாடாவின் முனையை மடித்து அழுத்தினான். “ஏலாது எண்டு சொல்லுற நிலையில நான் இல்லை.”

“நானா இருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெரிய காந்தத்தின் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நோட்டு மேசைமேல்தான் கிடந்தது, எட்டிப் பிடிக்கும் தூரம். பென்சில்கூட அதன்மேல் இருந்தது. சொல்லவில்லை. திரும்பி வர என்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வழிதான். அதையும் அடைத்துவிட்டு விமானம் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எப்போது திரும்பப் போகிறாய் என்று பந்தியில் கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு மாதம் என்றேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டவர்களுக்கும் இரண்டு மாதம் என்றேன். மனைவியிடம் மட்டும் டிக்கெட் விஷயத்தைச் சொன்னேன், அவர்களே கூப்பிடுவார்கள் என்றும் சொன்னேன்.

“வேண்டாம்னுதானுங்க அனுப்பியிருக்காங்க. அப்புறம் எதுக்குக் கூப்பிடுவாங்க?” என்று கேட்டாள்.

தறிச் சத்தம் கேட்கும் அந்த வீட்டில், புதுப்பெண் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு காந்தம் கருகக் காத்திருந்தேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எழுந்து வாசலுக்கு வருவேன். வேறு வேலை தேடவில்லை. தேடினால் திரும்பப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அல் கூஸில்கூட இவ்வளவு குறுகிய இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

தை பிறந்து கடிதம் வந்தது. மேனேஜரிடமிருந்து அல்ல, அவனிடமிருந்து.

“அண்ணை, சுகமோ. கலியாணம் சிறப்பாக நடந்திருக்கும். யார்ட்டில இருக்கிற பெரிய காந்தத்தின்ர சோடி போன மாதம் வந்தது. உங்கட கொப்பியில உள்ளபடி கழிச்சுக் கட்டினன். சோதிக்கேக்க ஆம்பியர் கூடக் காட்டிச்சுது, கை வைக்கேலாத சூடு. கம்பி முழுக்க வீண். மேனேஜர் பாஸ்போட்டைத் தூக்கிக் காட்டி, அனுப்பிப்போடுவன் எண்டு வெருட்டினவர். இரண்டு இரவு நித்திரை இல்லை. பேந்து பழசை வெட்டி இருந்து எண்ணினன், அறுநூற்று நாற்பது. இப்ப நல்லாய் வேலை செய்யுது, அவரும் ஆறிட்டார். அந்த ஒண்டுக்கு மட்டும் நாற்பத்தேழு கூட்ட மறந்துபோனீங்கள் போல. கலியாண யோசினையில இருந்திருப்பீங்கள். மனதில அந்தக் கணக்குப் பிழையாய் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கோ, ஊரில ஆருக்கும் பிழையாய்ச் சொல்லிப்போடாமல்.”

மூன்று தடவை படித்தேன். எங்காவது ஒரு சொல் குத்துகிறதா என்று தேடினேன். குத்தியிருந்தால் நானும் ஏதாவது குத்தி எழுதியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும்.

“என்னங்க எழுதியிருக்காங்க?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

“சும்மா, விசாரிச்சிருக்கான்.”

மறக்கவில்லை, வேண்டுமென்றே செய்தேன் என்று ஒரு தாளில் எழுதினேன். பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டிய மேனேஜர் முன்னால் அவன் நின்றிருப்பான். அதை நினைத்ததும் எழுதியது எனக்கே படிக்கக் கூசியது, கிழித்தேன். இன்னொன்றும் கிழித்தேன். கடைசியில், ஆமாம் தம்பி, மறந்துதான் போனேன், மன்னித்துக்கொள் என்று எழுதினேன். சாப்பாடு, உடம்பு எல்லாம் விசாரித்தேன். மடிப்பதற்கு முன் அடியில் ஒரு வரி சேர்த்தேன். மேனேஜரிடம் என்னைப் பற்றி எதுவும் பேச்செடுக்க வேண்டாம், நான் இங்கேயே வேலை தேடிக்கொள்கிறேன்.